வாடகை தண்டம்னு யார் சொன்னது? கணக்கு நோட்டை எடுங்க!

டெல்லி, நொய்டா, குர்கான் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் போய் முடிகிற இடம் ஒன்றுதான். மலை மந்திரில் பங்குனி உத்திரமாக இருக்கட்டும், யார் வீட்டுக் கொலுவாகவாவது இருக்கட்டும், சுண்டல் கைக்கு வருவதற்குள் கேள்வி வந்துவிடும். "இன்னும் வாடகையிலயா இருக்கீங்க? அது தண்டம் சார்!"

கேட்பவர் நல்ல மனுஷர்தான். பெரும்பாலும் என்ஜினியர், ஆடிட்டர், பேங்க் மேனேஜர். பிளஸ் டூவில் கணக்கில் சென்டம் வாங்கியதைக் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்த கூட்டம் நாம். தக்காளி கிலோவுக்கு 5 ரூபாய் கூடினால் கணக்குப் பார்க்கிறோம். ஊருக்குப் போகும் ரயிலில் தத்கால் எவ்வளவு அதிகம் என்று பார்க்கிறோம். ஆனால் வாழ்க்கையிலேயே பெரிய தொகையை, 1 கோடியை, இருபது வருஷச் சம்பளத்தை அடகு வைத்து எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் கணக்கு நோட்டை மூடிவிட்டு மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம்.

மந்திரம் மூன்று. வாடகை தண்டம். வீட்டு விலை என்றைக்கும் இறங்காது. ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டால் தானாக வளரும். என் கோபமெல்லாம் இந்த மூன்றின் மேலேதான். வீடு வாங்குகிறவர்கள் மேல் இல்லை. எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டி தெரிந்தால் போதும், மூன்றையும் சோதித்துப் பார்க்கலாம். வாங்க, போட்டுப் பார்ப்போம்.

முதல் மந்திரம்: வாடகை தண்டம்

நொய்டாவில் ஒரு ஃப்ளாட், விலை 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். அதே ஃப்ளாட்டுக்கு வாடகை மாசம் 25,000. வங்கிக் கடன் 75 லட்சம், 20 வருஷம், வட்டி 8.5 சதவீதம். (உங்கள் வங்கி என்ன வட்டி சொல்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.) ஈ.எம்.ஐ. 65,087 ரூபாய்.

முதல் மாசம் கட்டுகிற 65,087-இல் வட்டி மட்டும் 53,125. அசலுக்குப் போவது 11,962. வாடகை 25,000 தண்டம் என்றால் இந்த 53,125-க்கு என்ன பேர்? வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் தண்டம், வங்கிக்குக் கொடுத்தால் முதலீடா?

இன்னும் கேளுங்க. பத்து வருஷம் ஒரு மாசம் தவறாமல் கட்டுகிறீர்கள். மொத்தம் கட்டியது 78 லட்சம். கடனில் பாக்கி எவ்வளவு? 52.5 லட்சம்! 78 லட்சம் கட்டி அசலில் அடைந்தது 22.5 லட்சம்தான். பாதி வருஷம் ஓடினால் பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்று நினைக்காத ஆளே கிடையாது. வங்கி கொடுக்கிற அட்டவணையைப் பிரித்துப் பாருங்கள், தெரியும்.

"வாடகை வருஷா வருஷம் ஏறுமே, ஈ.எம்.ஐ. ஏறாதே?" நியாயமான கேள்வி. வருஷத்துக்கு 7 சதவீதம் ஏறட்டும். பத்தாவது வருஷம் வாடகை சுமார் 46,000. ஈ.எம்.ஐ. அப்போதும் 65,087. வாடகை ஈ.எம்.ஐ.யைத் தாண்டுவது 16-வது வருஷத்தில். அதுவரைக்கும் வாடகைக்கு இருக்கிறவர் கையில் மாசாமாசம் மிஞ்சுகிற பணத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆரம்பத்தில் அது மாசம் 40,000!

அடுத்து வருவது வரிச்சலுகை. புதிய வரி முறையில் நாம் குடியிருக்கிற சொந்த வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் வருஷத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அதனால் மிஞ்சுவது 62,400 ரூபாய். முதல் வருஷ வட்டி சுமார் 6.3 லட்சம். அறுபத்திரண்டாயிரம் மிச்சம் பிடிக்க ஆறு லட்சம் செலவு செய்கிற வித்தையை எந்த ஆடிட்டரிடம் கற்றோமோ தெரியவில்லை :-)

இரண்டாம் மந்திரம்: விலை இறங்காது

விலை ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விற்கிற புரோக்கருக்கும் தெரியாது. கணக்குக்கும் தெரியாதுதான். ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்லும்: எந்த வேகத்தில் ஏறினால் உங்களுக்கு நஷ்டமில்லை என்று. அந்தக் கோடு தெரியாமல் வாங்குவதற்குப் பேர் முதலீடு இல்லை, சீட்டுக் குலுக்கல்.

முதலீட்டுக்காக வாங்கி வாடகைக்கு விடுவதாக வைத்துக்கொண்டு கோட்டைப் போடுவோம். கடன் 75 லட்சம் போகக் கைப்பணம் 25 லட்சம். பத்திரச் செலவு, இதர செலவு 7 லட்சம். ஆக உங்கள் காசு 32 லட்சம். அதை வங்கியில் 6.5 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருஷம் சுமார் 2.1 லட்சம் வந்திருக்கும். கடன் வட்டி 6.3 லட்சம். இரண்டும் சேர்ந்து 8.4 லட்சம். வரவு என்ன? வருஷத்தில் ஒரு மாசம் காலியாகக் கிடக்கும், 11 மாச வாடகை 2.75 லட்சம். பெயிண்ட், குழாய், புரோக்கர் கமிஷன் என்று 35,000 போனால் கையில் நிற்பது 2.4 லட்சம். 8.4-இல் 2.4 போக மிச்சம் 6 லட்சம்.

அதாவது 1 கோடி ரூபாய் ஃப்ளாட் வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் உங்களுக்கு லாபம் சைபர். அதற்கு மேல் ஏறுவதுதான் லாபம். 5 வருஷம் கழித்து விலை 1.35 கோடியிலிருந்து 1.40 கோடிக்குள் போய் நின்றால்தான், பத்திரச் செலவையும் சேர்த்து, போட்டது போட்டபடி திரும்பி வரும். அந்த 1.35 கோடியைப் பார்த்து "35 லட்சம் லாபம்" என்று பால் பாயசம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாயசம் நன்றாகத்தான் இருக்கும்.

"கடன் வாங்கிப் போட்டால்தானே சார் பெரிய லாபம்?" ஆமாம். விலை முதல் வருஷத்தில் 10 சதவீதம் ஏறினால், வட்டி போக, வாடகை சேர்த்து, உங்கள் 32 லட்சத்துக்கு 6.1 லட்சம் லாபம். 19 சதவீதம்! இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். விலை அசையாமல் நின்றால்? 3.9 லட்சம் நஷ்டம், அதாவது 12 சதவீதம். விலை 5 சதவீதம் இறங்கினால்? 8.9 லட்சம், 28 சதவீதம் போச்சு. கடன் என்பது ஏறுகிற பக்கம் மட்டும் வேலை செய்கிற ஏணி கிடையாது.

விலை அசையாமல் நிற்குமா என்று கேட்பவர்கள் இங்கே பழைய ஆட்களை விசாரித்துப் பார்க்கலாம். 2013-14-க்கு அப்புறம் நொய்டாவிலும் குர்கானிலும் பல வருஷம் விலை மந்தமாகத்தான் கிடந்தது. 2021-க்குப் பிறகு நன்றாகவே ஏறியது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் எட்டு வருஷம் தூங்கி, அடுத்த நாலு வருஷத்தில் இரண்டு மடங்கானால் மொத்த வேகம் என்ன? 72-ஐ வருஷத்தால் வகுங்கள். 72-ஐ 12-ஆல் வகுத்தால் 6. இரண்டு மடங்கு! ஆனால் நாம் மேலே போட்ட கோட்டின் மேலேயே நிற்கிறது. நடுவில் 2019-இல் வேலை போய் விற்க வேண்டி வந்தவரின் கணக்கை யாரும் விசேஷ வீடுகளில் சொல்வதில்லை. லாபம் பார்த்தவர் மட்டும்தான் பேசுவார்.

கட்டி முடிக்காத ஃப்ளாட்டின் கதை இன்னும் மோசம். ஆம்ரபாலி குழுமத்தின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஜூலை 23 தீர்ப்பில் அதன் ரெரா பதிவே ரத்தாகி, மிச்சக் கட்டுமானம் மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. காத்திருந்தவர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். 2017-இல் ஜேபி இன்ஃப்ராடெக் திவால் நடவடிக்கைக்குப் போனபோதும் பல்லாயிரம் குடும்பங்கள் நடுவில் நின்றன. தாமதத்தின் விலை என்ன? 40 லட்சம் கடன் எடுத்துக் கட்டியாகிவிட்டது, சாவி 4 வருஷம் தாமதம் என்றால் வட்டி மட்டும் 13.6 லட்சம். குடியிருக்கிற வீட்டு வாடகை 12 லட்சம். ஆக 25 லட்சத்துக்கு மேல். "கட்டும்போதே வாங்கினால் 10 லட்சம் மலிவு" என்றார்களே, அந்த மலிவு எங்கே போனது?

ரெரா சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. வசூலில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டி கேட்கலாம். நல்லது. இன்னொரு நல்லது, கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஆனாலும் பேச்சில் ஓடுவது சூப்பர் ஏரியாதான். 1,250 சதுர அடி, அடி 8,000 என்பார்கள். உள்ளே பாய் விரிக்க முடிகிற இடம் 850 அடிதான் என்றால் அடி விலை 11,765. வாடகைக்கும் விலைக்கும் ஒப்பிடும்போது இந்த எண்ணைப் பிடியுங்கள்.

"நிலம்" என்று சொல்லி ஃப்ளாட் வாங்குவதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஏறுவது நிலத்தின் விலை. கட்டிடத்துக்கு வயசாகிக்கொண்டே போகும். நொய்டாவில் பெரும்பாலான ஃப்ளாட்டுகள் ஆணையத்தின் குத்தகை நிலத்தில் நிற்பவை. கைமாற்றும்போது ஆணையத்துக்கு மாற்றுக் கட்டணமும் உண்டு. ஊரில் தாத்தா வாங்கிய நஞ்சையின் நினைப்பில் 14-வது மாடியில் ஒரு பங்கு வாங்குகிறோம்.

மூன்றாம் மந்திரம்: ஊரில் ஒரு மனை

இதுதான் நம்மை உருக்குகிற மந்திரம். "என்னைக்காவது ஊருக்குத் திரும்பிடுவோம்ல?" அந்த ஆசை எனக்கும் இருக்கிறது. ஆசைக்கு வாங்குங்கள், தப்பே இல்லை. அதை லாபக் கணக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு உதாரணம். 2005-இல் திருச்சி பக்கம் ஒரு மனை, 4 லட்சம். 2025-இல் 20 லட்சத்துக்குப் போகிறது. "அஞ்சு மடங்கு!" என்று குடும்பமே கொண்டாடும். மடங்கு என்ற சொல்லைக் கேட்டதும் வருஷம் எத்தனை என்று கேளுங்கள். 20 வருஷத்தில் 5 மடங்கு என்றால் வருஷத்துக்கு 8.4 சதவீதம். இது செலவு கழிக்காத எண்.

இப்போது செலவைக் கழிப்போம். வாங்கும்போது பத்திரச் செலவு 36,000. வேலி, சர்வே, முள் வெட்டுவது, பார்த்துவிட்டு வரப் போகிற செலவு எல்லாம் வருஷத்துக்கு 6,000 (டெல்லியிலிருந்து போகிறவருக்கு இது குறைவு). விற்கும்போது புரோக்கர் 40,000. பிறகு மூலதன ஆதாய வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனைக்கு, இந்தியாவில் வசிக்கிற தனிநபர் விலைவாசிக் குறியீடு சேர்க்காமல் 12.5 சதவீதம், அல்லது குறியீடு சேர்த்து 20 சதவீதம், இதில் எது குறைவோ அதைக் கட்டலாம். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் கட்டிவிடாதீர்கள். இந்த உதாரணத்தில் முதல் வழியில் செஸ் சேர்த்து சுமார் 1.98 லட்சம், இரண்டாவது வழியில் 1.16 லட்சம். குறைவானதைக் கட்டினாலும், எல்லாம் போக நிகர வளர்ச்சி வருஷத்துக்கு 6.7 சதவீதம்தான்.

அதே வரித்துறையின் விலைவாசிக் குறியீடு 2005-06-இல் 117, 2025-26-இல் 376. வருஷத்துக்கு 6 சதவீதம். அதாவது 20 வருஷம் கவலைப்பட்டு, பக்கத்து மனைக்காரர் கல்லை நகர்த்திவிடுவாரோ என்று பயந்து, விலைவாசியை முக்கால் சதவீதம்கூடத் தாண்டவில்லை. இதே 20 வருஷத்தில் பி.பி.எஃப். வட்டி 7.1 சதவீதத்துக்குக் கீழே போனதே இல்லை, அதற்கு வரியும் இல்லை, முள் வெட்டவும் வேண்டாம். வருஷ வரம்பு இருப்பதால் அதில் மொத்தமாக 4 லட்சம் போட முடிந்திருக்காது, உண்மை. ஆறு வருஷமாகப் பிரித்துப் போட்டிருக்கலாமே.

இப்போது வாங்குகிறவருக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆகப் பொதுவாக 9 சதவீதம். வாங்கின அன்றைக்கே 9 சதவீதம் பள்ளத்தில் இருந்து ஏற ஆரம்பிக்கிறீர்கள். அங்கீகாரமில்லாத மனையென்றால் கணக்கே வேண்டாம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் மகள் கல்யாணத்துக்கு விற்க வைத்திருந்த மனையை விற்க முடியாமல் முழித்தன. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் பலருக்கு வழி பிறந்தது. விற்க முடியாத நாளில் மடங்கு எத்தனையாக இருந்தால் என்ன?

அப்போ வாங்கவே கூடாதா?

யார் சொன்னது? வாங்குங்கள். ஆனால் நாலு கேள்விக்கு எண்ணாகப் பதில் எழுதிவிட்டு வாங்குங்கள்.

ஒன்று, விலையை வருஷ வாடகையால் வகுங்கள். மேலே சொன்ன ஃப்ளாட்டுக்கு 1 கோடியை 3 லட்சத்தால் வகுத்தால் 33. நான் வைத்திருக்கிற அளவுகோல்: 20-ஐ ஒட்டி வந்தால் வாங்குவது லாபம், 30-ஐத் தாண்டினால் வாடகைக்கு இருப்பது லாபம், நடுவில் வந்தால் மற்ற மூன்று கேள்விகள் முடிவு செய்யட்டும்.

இரண்டு, உங்கள் எண்களை வைத்து அந்தக் கோட்டைப் போடுங்கள். கடன் வட்டி, கைப்பணம் தரக்கூடிய வட்டி, இரண்டையும் கூட்டி நிகர வாடகையைக் கழித்து விலையால் வகுத்தால் வருவதுதான் கோடு. அந்த வேகத்துக்கு மேல் விலை ஏறும் என்று நம்ப உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது என்று அதே தாளில் எழுதுங்கள். "எல்லாரும் வாங்குறாங்க" என்பதைக் காரணமாக எழுதக் கூடாது.

மூன்று, இந்த ஊரில் எத்தனை வருஷம்? வாங்க 7 லட்சம், விற்க 2 லட்சம் என்றால் மொத்தம் 9 லட்சம். நாலு வருஷத்தில் மாற்றலாகிப் போனால் அது மாசத்துக்கு 18,750 ரூபாய். வாடகை தண்டம் என்றவரின் தண்டம் இது. பத்துப் பன்னிரண்டு வருஷம் அசைய மாட்டோம் என்றால் இது கரைந்துவிடும்.

நான்கு, ஒரு சம்பளம் ஆறு மாசம் நின்றால் ஈ.எம்.ஐ. யார் கட்டுவது? நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. வேலை இருப்பதும் இந்த ஊர், வீடு இருப்பதும் இந்த ஊர். ஊருக்கு வேலை மந்தமானால் வீட்டு விலையும் சேர்ந்தே மந்தமாகும். கை கொடுக்க மாமனாரோ, பெரியப்பாவோ பக்கத்துத் தெருவில் இல்லை. அப்பாவுக்கு பைபாஸ் என்று மதுரையிலிருந்து போன் வந்தால் பால்கனியை மட்டும் அறுத்து விற்க முடியாது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருஷம் வேலையை விடலாமா என்று நினைக்கிற அம்மாவை ஈ.எம்.ஐ. விடுவதில்லை. "சொந்த வீடு நிம்மதி" என்கிறோம். இரண்டு பேரும் மூச்சு விடாமல் ஓடினால்தான் நிற்கும் என்றால் அது என்ன நிம்மதி?

ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். "கடன் இல்லேன்னா நாங்க சேமிக்கவே மாட்டோம். ஈ.எம்.ஐ. எங்களைக் கட்டாயமா சேமிக்க வைக்குது." உண்மை. வாடகைக்கும் ஈ.எம்.ஐ.க்கும் உள்ள வித்தியாசத்தை மாலுக்கும் மொபைலுக்கும் கொடுத்துவிடுகிறவர், சுமாரான ஃப்ளாட்டையாவது வாங்கிப் போடுவது நல்லதுதான். ஆனால் சம்பளம் வந்த மறுநாளே அந்த 40,000-ஐ ஆர்.டி.யிலோ, ஃபண்டிலோ தானாகப் பிடிக்கச் சொல்ல ஒரு படிவம் போதும். சேமிக்கிற பழக்கத்துக்கு 8.5 சதவீத வட்டி கொடுக்க வேண்டியதில்லை.

குடியிருக்க வாங்குகிற வீட்டுக்கு லாபம் பார்க்கத் தேவையில்லை என்றும் சிலர் சொல்வார்கள். சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம், குழந்தையின் ஸ்கூல் மாற வேண்டாம். அதற்கெல்லாம் விலை உண்டு, கொடுக்கலாம். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்போம். மாசம் 40,000 கொடுத்து அந்தச் சுதந்திரம் வேண்டும் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்தால், அதைக் கேள்வி கேட்க நான் யார்? யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டு, கணக்கே பார்க்காமல் 20 வருஷத்தை எழுதிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அதனால் இனிமேல் யாராவது "நாலு மடங்கு ஆச்சு" என்றால் சண்டை போட வேண்டாம். சிரித்துக்கொண்டே மூன்று எண் கேளுங்கள். எந்த வருஷம் வாங்கினது? வட்டி, பத்திரம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு போட்டீங்க? வரி போகக் கைக்கு எவ்வளவு வந்தது? மூன்றும் சொன்னார் என்றால் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சொல்லவில்லை என்றால், அது அவர் சந்தோஷம், உங்கள் முதலீட்டு ஆலோசனை இல்லை.

டிஸ்கி: மேலே உள்ள ஃப்ளாட்டும் மனையும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்து வாங்குவதுதான் லாபம் என்று வந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள்.